நேர்கோடுதான் கஷ்டம், கயல்

மதுரை,
ஆடி மாதம்.

என் செல்லக் கயல் கண்ணுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய வீடியோவை அம்மாச்சிக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை பார்த்தாள். "பிள்ளை கையில என்னடா அது, ரேடியோப் பெட்டி மாதிரி?" என்று கேட்டாள். டிரான்ஸ்மிட்டர், அதை வைத்துத்தான் விமானத்தை ஓட்டுகிறாள் என்று விளக்கினேன். "அது கெடக்கட்டும், அந்த வெயில்ல தொப்பி இல்லாம நிக்கிறாளே" என்றாள். ஆகவே முதல் புத்திமதி அம்மாச்சியுடையது: தொப்பி போட்டுக்கொள். நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: கறுப்புக் கண்ணாடியும் போடு. விமானம் ஒரு நொடி சூரியனுக்குள் போய்விட்டால் அப்புறம் அது எந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்றே உனக்குத் தெரியாது.

வீடியோ நாலு நிமிஷம். அதில் ஒன்பது லூப் அடித்திருக்கிறாய். உட்கார்ந்து எண்ணினேன். உருளல் எத்தனை என்று எண்ண முடியவில்லை, உனக்கே கணக்கு இருக்காது. திருவிழாவில் ராட்டினத்தில் ஏறின பிள்ளை இறங்க மறுப்பது போல இருந்தது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாலு நிமிஷத்தில் உன் விமானம் ஒரு பத்து நொடி சேர்ந்தாற்போல் நேராகப் பறக்கவில்லையே கண்ணு. "அடுத்த வருஷம் பேட்டர்ன் போட்டிக்குப் போகணும் மாமா" என்று கீழே எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதம்.

பேட்டர்ன் என்பது வேடிக்கை காட்டுகிற பறத்தல் கிடையாது. இன்ன வரிசையில் இன்ன வித்தை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நடுவர்கள் உனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். கோணம் 15 டிகிரி பிசகினால் ஒரு மதிப்பெண் போச்சு. கடினமான வித்தைக்குப் பெருக்கு எண் அதிகம். உன் நேர் எதிரிலிருந்து இடப்பக்கம் 60 டிகிரி, வலப்பக்கம் 60 டிகிரி, மேலே 60 டிகிரி: கண்ணுக்குத் தெரியாத இந்தப் பெட்டிக்குள்ளேயே, சுமார் 150 மீட்டர் தள்ளி, எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும். உலக அளவில் இதற்கு எஃப்3ஏ என்று பெயர். முதல் உலகப் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்தது. ஜெயித்தவர் உன் நாட்டுக்காரர், அமெரிக்கரான எட் கஸ்மிர்ஸ்கி. இன்றைக்கும் அந்த வகுப்பில் பறக்கும் விமானம் நீளத்திலும் அகலத்திலும் 2 மீட்டருக்குள், எடையில் 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நீ அங்கே போய்ச் சேர வெகுநாள் ஆகும். ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, மாஸ்டர்ஸ் என்று படி படியாக இருக்கிறது. நீ நிற்க வேண்டியது முதல் படியில்.

அந்த முதல் படியில் என்ன கேட்பார்கள் தெரியுமா? நேராகப் பறந்து காட்டு என்பார்கள். லூப்பைக்கூட நேர்கோட்டில் வந்து நுழைந்து, நுழைந்த அதே உயரத்தில் வெளியேறி, மறுபடி நேர்கோட்டில் போய்த்தான் முடிக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் கோடு இல்லாத லூப்புக்கு அங்கே மரியாதை இல்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கோயம்புத்தூர். கல்லூரியில் என்.சி.சி. வான்படைப் பிரிவில் இருந்தேன். அப்போது எங்களுக்கு ரேடியோ எல்லாம் ஏது? விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வரும், கையில் ஒரு பிடி. விமானம் நம்மைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், நாமும் கூடவே சுற்ற வேண்டும். கன்ட்ரோல் லைன் என்று பெயர். இறங்கியதும் தலை கிறுகிறுத்துப் புல்லில் உட்கார்ந்துவிடுவோம். சொல்லிக்கொடுத்தவர் மூன்று வாரம் எங்களை ஒரு குட்டிக்கரணம்கூடப் போடவிடவில்லை. தோள் உயரத்தில் பத்துச் சுற்று, ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. எட்டாவது சுற்றில் கொஞ்சம் அலைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அன்றைக்கு அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். நாற்பது வருஷம் கழித்து அதையே உனக்குச் சொல்கிறேன். நீயும் கோபித்துக்கொள், பரவாயில்லை.

நீ இருக்கும் பேர்லேண்டில் நேர்கோட்டுக்கு எதிரி காற்றுதான். முப்பத்தொரு வருஷம் அந்தக் காற்றோடு பழகினவன் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குப் புல்லெல்லாம் பனித்துளி, கம்பத்தில் காற்றுப்பை துவண்டு தொங்கும். பத்து மணி ஆகிவிட்டால் வளைகுடாவிலிருந்து தென்கிழக்குக் காற்று எழுந்துவிடும். நீ தூங்கி எழுந்து பிரேக்ஃபாஸ்ட் முடித்து மைதானத்துக்குப் போகும் நேரம் அதுதான் என்று உன் அம்மா சொன்னாள். சனிக்கிழமையாவது சீக்கிரம் எழுந்திரு கண்ணு. கோடு பழக அமைதியான காற்று வேண்டும். கோடு படிந்த பிறகு காற்றுக்குள் போ.

காற்றில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கவாட்டுக் காற்று அடித்தால் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் அது நேராகப் போகும். பார்க்க நண்டு நடை மாதிரி இருக்கும். நடுவர் பெரும்பாலும் மூக்கைப் பார்க்கமாட்டார், விமானம் போகும் தடத்தைத்தான் பார்ப்பார். மூக்கை அப்படித் திருப்புவது ரடர். ரடர் உன் இடது கையில் இருக்கிறது. வீடியோவில் உன் இடது கட்டைவிரல் த்ராட்டிலை ஏற்றி இறக்கியதோடு சரி, பக்கவாட்டில் ஒரு தடவைகூட அசையவில்லை. கேக் வெட்டும்போது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வாயே, அந்த மாதிரி. முதல் நாளிலிருந்தே இடது கையைப் பழக்கு. நாலு வருஷம் வலது கையால் மட்டும் பறந்துவிட்டு அப்புறம் இடது கையைக் கூப்பிட்டால் அது வராது. நான் பார்த்திருக்கிறேன், நல்ல கைக்காரர்களே அங்கே நின்றுபோனார்கள்.

நீ அடிக்கிற உருளலையே எடுத்துக்கொள். வலது ஸ்டிக்கைத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கிறாய், மூக்கு தொங்கிக்கொண்டே போகிறது. விமானம் தலைகீழாகும்போது எலிவேட்டரை மெல்ல முன்னுக்குத் தள்ள வேண்டும், கத்தி மாதிரி பக்கவாட்டில் நிற்கும்போது மேற்பக்கத்து ரடரால் மூக்கைத் தாங்க வேண்டும். இரண்டும் ஒரு சிட்டிகைதான், உப்புப் போடுவது மாதிரி. லூப்பிலும் அப்படியே. மேலே ஏறும்போது வேகம் குறையும், த்ராட்டிலைக் கூட்டு. உச்சியில் எலிவேட்டரைக் கொஞ்சம் தளர்த்து. இறங்கும்போது த்ராட்டிலைக் குறை. இல்லையென்றால் வட்டம் வட்டமாக வராது, கோழிமுட்டையாக வரும். புதிதாக எதைப் பழகினாலும் நல்ல உயரத்தில் பழகு. தப்புச் செய்து, திருத்தப் போய் இன்னொரு தப்புச் செய்தாலும், தரை தொலைவில் இருக்க வேண்டும்.

உன்னைப் பார்த்து வரும்போது இடம் வலம் குழம்புகிறது என்று எழுதியிருந்தாய். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, முட்டுக் கொடுப்பது போல. இறக்கை எழும்பிவிடும். மழை நாளில் சிமுலேட்டரில் இதையே அரை மணி நேரம் செய். அங்கே விழுந்தால் பால்சா மரமும் உடையாது, காசும் போகாது.

இனிமேல் சொல்லப்போவதைச் சிரிக்காமல் கேள்.

ஒரு பனிக்காலம் முழுக்க நானே பால்சாவில் ஒரு விமானம் கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சமையல் மேஜையில் வைத்து இறக்கையில் அசையும் ஏலரானின் சர்வோ மோட்டாரை மாற்றினேன். மறுநாள் காலை அவசரம், நண்பர்கள் காத்திருந்தார்கள். ஏலரான் அசைகிறதா என்று பார்த்தேன், அசைந்தது. எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. தரையை விட்டு எழும்பியதும் இடது இறக்கை தாழ்ந்தது. வலப்பக்கம் தள்ளினேன், இன்னும் தாழ்ந்தது. நாலு நொடிதான். விமானம் தூளாகிப் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அது விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒருவர் தன் மகனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்தப் பையனின் நீலச் சட்டை கண்ணில் நிற்கிறது.

ஆகையால் ஒவ்வொரு தடவையும், ஒரே நாளில் பத்துத் தடவை ஏற்றினாலும் பத்துத் தடவையும், ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வலது ஏலரான் மேலே எழும்புகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்.

ஜார்ஜ் புஷ் பார்க்கில் டிக் ஸ்கோபி மைதானத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? நெருப்பெறும்புப் புற்றில் காலை வைத்துவிட்டு வீடு வரைக்கும் அழுதாயே, அதே இடம். பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கும் பார்க் அது, 2017-இல் ஹார்வி புயலில் அந்தப் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. ஸ்கோபி என்ற பெயர் யாருடையது என்று நீ அன்றைக்குக் கேட்கவில்லை. சேலஞ்சர் விண்கலத்தின் தலைவர் அவர். 1986 ஜனவரி 28-ஆம் தேதி, குளிரில் விறைத்துப்போன ஒரு ரப்பர் வளையம் அடைக்க வேண்டிய இடத்தை அடைக்காததால் ஏழு பேர் போனார்கள். உன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாயே கல்பனா சாவ்லா, அவருக்கும் ஏரோபாட்டிக்ஸ் பறப்பதென்றால் உயிர். வால்சக்கர விமானங்களை ஓட்டுவதில் தனி ஆசை. 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை, அவர் திரும்பி வந்த கொலம்பியா விண்கலம் சிதைந்த நாள். காலையில் நானும் உன் அம்மாவும் டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது பெயர்ந்து விழுந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் பட்டிருந்தது. அந்த இரண்டு பெயர்களும் உன் மைதானத்திலும் உன் சுவரிலும் இருக்கின்றன. சின்ன விஷயம்தானே என்று தோன்றும்போது அவர்களை நினைத்துக்கொள்.

பேட்டரி பற்றி உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். லிப்போ பேட்டரியை சார்ஜரில் போட்டுவிட்டு நீ தூங்கப் போகக்கூடாது. ஆகஸ்ட் மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டு ஹெச்.இ.பி. கடைக்குள் போகவும் கூடாது, அந்தச் சூடு அதற்கு ஆகாது. பறந்து முடித்தால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வை. உப்பிய பேட்டரியை விலையைப் பார்த்து வைத்துக்கொள்ளாதே. சட்டம் கேட்பதையும் செய்துவிடு: இணையத்தில் டிரஸ்ட் என்கிற பாதுகாப்புத் தேர்வு இலவசம், அரை மணி வேலை. உனக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது, அதனால் விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வில் உன் பெயரிலேயே பதியலாம், 5 டாலர், 3 வருஷத்துக்கு. அந்த எண்ணை விமானத்தின் வெளிப்பக்கம் ஒட்டு. ஹாபி விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் நினைத்தபடி ஏற்றாதே. கிளப்பில் சேர்ந்து மைதானத்தில் பற. 1936-லிருந்து நடக்கும் மாடல் ஏரோநாட்டிக்ஸ் அகாடமியின் உறுப்பினர் அட்டையும் வேண்டும், காப்பீடு அதோடு வரும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கு. ஒவ்வொரு தடவை இறக்கிய பிறகும் ஒரே ஒரு வரி எழுது: காற்று எந்தப் பக்கம், எந்தக் கோடு வளைந்தது. போனில் எழுதாதே, போனை எடுத்தால் நீ வேறு எங்கோ போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு வலமிருந்து இடம் வருவது வசதியாக இல்லை, வீடியோவில் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கிறாய். நோட்டு எழுதினால் நீயே அதைப் பிடித்திருப்பாய்.

போட்டியில் உன் பின்னால் ஒருவர் நின்று அடுத்த வித்தை என்ன என்று படித்துச் சொல்லலாம். காலர் என்பார்கள். எனக்குப் பல வருஷம் அப்படி நின்றது யார் தெரியுமா? உன் அம்மா. நீ பிறப்பதற்கு முன்னால். மெக்லீன் சாலை மீனாட்சி கோயிலில் காலைப் பூஜை முடித்து, பட்டுப்புடவையோடே வந்து நிற்பாள். ஸ்டால் டர்ன் என்று சொல்லமாட்டாள், "அண்ணே, அடுத்தது செங்குத்தா ஏறித் திரும்புறது" என்பாள். என் கோடு வளைந்தால் நடுவருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளைக் கூப்பிடு. சமையல் இருக்கிறது, வேலை இருக்கிறது என்பாள். விடாதே. நான் இங்கே அம்மாச்சியோடு இருக்கும்வரை உன் பின்னால் நிற்க அவளைவிட நல்ல ஆள் இல்லை.

அடுத்த வீடியோவில் எனக்கு லூப் வேண்டாம். இடமிருந்து வலம் பத்துக் கோடு, வலமிருந்து இடம் பத்துக் கோடு, ஒரே உயரம், ஒரே தூரம். வெட்டி ஒட்டாமல் அப்படியே அனுப்பு. அது வந்த அன்றைக்கு, கராஜில் மேலே துணி போர்த்தித் தொங்கும் என் மஞ்சள் விமானத்தை இறக்கிக்கொள். சூட்டில் மேல்தாள் சுருங்கியிருக்கும், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டி போட்டு இழுத்துவிடு.

அன்புடன்,
மாமா