கொடுப்பதற்கு ஒரு கன்று

நெடுநாள் நோயுற்றிருப்பவரிடம் வீட்டார் கேட்கும் கேள்விகளைச் சற்றுக் கவனிக்கலாம். மருந்து சாப்பிட்டாயிற்றா? இரவு தூக்கம் வந்ததா? கஞ்சி போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா? எல்லாம் அன்பில் பிறந்த கேள்விகளே. ஆனால் காலை முதல் இரவு வரை இவற்றுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஓர் உண்மை மெல்லப் புலப்படுகிறது. தம்மிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதே அது. வீட்டுக் கணக்கு, பிள்ளையின் படிப்பு, நாளைய சமையல் எல்லாம் அவரைக் கேளாமலே நடந்துவிடுகின்றன. நோய் தணியத் தொடங்கிய பின்பும் இந்த நிலை தணிவதில்லை.

வேதாந்தம் ஜீவனைக் கர்த்தா, போக்தா என இரு பெயர்களால் குறிக்கும். செய்பவன் கர்த்தா, பலனை அனுபவிப்பவன் போக்தா. நோய் முதல் பெயரைப் பறித்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் விட்டுவைக்கிறது. வலியும் அவனுக்கே, பிறர் செய்யும் பணிவிடையும் அவனுக்கே. செயல் மட்டும் அவனுடையதன்று. 'செய்பவன் நான்' என்ற எண்ணத்தைக் கடக்க வேண்டும் என்று சாஸ்திரம் சொல்வது உண்மைதான். ஆயினும் அந்த உபதேசம் கை நிறையச் செயல் உள்ளவனுக்குரியது. நோயில் கிடப்பவனிடம் அதைச் சொல்வது, பட்டினி கிடப்பவனிடம் உபவாசத்தின் பெருமையைப் பேசுவது போன்றது. இல்லாத ஒன்றை எவரும் துறக்க இயலாது. முதலில் அவனுக்குச் செயல் திரும்பக் கிடைக்க வேண்டும்.

பெங்களூருவின் ஓசூர் சாலையில் இதற்கு ஒரு வழியைக் காணலாம். அங்குள்ள தேசிய மனநல, நரம்பியல் கழகத்தை நாடு முழுவதும் 'நிம்ஹான்ஸ்' என்றே அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைத்தியக்கார விடுதியாகத் தோன்றி, 1925இல் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறி, 1974இல் இன்றைய உருவம் பெற்ற நிறுவனம் இது. பெயர் மாறியதோடு பார்வையும் மாறியது. அடைத்துவைப்பது போய், குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவது நோக்கமாயிற்று. அதன் மறுவாழ்வுத் துறையில் தச்சு, தையல், ரொட்டி தயாரிப்பு முதலியவற்றுடன் தோட்டக்கலைக்கும் தனிப் பிரிவு உண்டு.

மனநோயில் தோட்டத்திற்கு என்ன வேலை? மனச்சிதைவு நோயில், காதில் ஒலிக்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் மருந்து பெரும்பாலும் அடக்கிவிடும். ஆனால் எழுந்திருக்க மனமின்மை, பேச விருப்பமின்மை, எதிலும் பற்றின்மை ஆகியவற்றின் மேல் மருந்தின் ஆற்றல் குறைவு. குடும்பத்தார் இதைச் 'சோம்பல்' என்று ஏசுவார்கள். அதுவும் நோயின் பகுதியே. விதைத்தட்டின் முன் அமர்ந்தவருக்கு மண்ணைச் சலிப்பது, பையில் நிரப்புவது, நீர் தெளிப்பது என ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு வேலைகள் வந்துகொண்டிருக்கின்றன. நாளைக் காலையில் வந்தாக வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் உண்டாகிறது. கன்று அவரை ஏசுவதில்லை. அவருடைய நோயின் பெயரும் அதற்குத் தெரியாது.

இது புதிய கருத்தன்று. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், மருத்துவமனையில் விறகு வெட்டியும் தோட்டத்தைக் கொத்தியும் உழைத்தவர்கள் பலர் குணமடைய, வேலை செய்யாமல் இருந்த உயர்குடியினர் அங்கேயே வாடியதைக் குறித்திருக்கிறார். அக்கால விடுதிகள் சில இதையே சாக்காக வைத்து நோயாளிகளிடம் கூலியில்லா வேலை வாங்கியதும் உண்டு. வேலை யாருடைய நன்மைக்கு என்ற கேள்வியைக் கேளாமல் எந்த வேலையையும் சிகிச்சை என்று அழைத்துவிட முடியாது.

பார்த்தலும் வளர்த்தலும்

பசுமையைப் பார்ப்பதே நல்லது என்பதற்குச் சான்று உண்டு. ரோஜர் உல்ரிக் என்பார் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், செங்கல் சுவரைக் கண்டவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். முன்னவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆயினும் சன்னலருகே படுத்துப் பார்ப்பவரும் போக்தாவே.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு நம் கருத்துக்கு இன்னும் நெருங்கியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் இரு மாடிகளிலும் இருந்தவர்களுக்குச் செடிகள் தரப்பட்டன. ஒரு மாடியில், 'செடியை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள், நீங்களே பராமரியுங்கள். உங்கள் அன்றாடக் காரியங்களையும் நீங்களே முடிவு செய்யுங்கள்' என்றார்கள். மற்ற மாடியில், 'செவிலியர் நீர் ஊற்றுவார்கள். உங்களுக்கு வேண்டியதையும் நாங்களே கவனித்துக்கொள்வோம்' என்றார்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது முதல் மாடியில் 15 விழுக்காட்டினரும், இரண்டாம் மாடியில் 30 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ஆய்வில் பங்கு பெற்றவர்கள் நூறு பேர்கூட இல்லை. செடியோடு வேறு சில பொறுப்புகளும் தரப்பட்டிருந்தன. எனவே செடி ஆயுளை நீட்டும் என்று இதிலிருந்து முழங்கிவிடக் கூடாது. ஆனால் இரு மாடியிலும் செடி இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நீர் ஊற்றிய கை யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

ஏன் மரக்கன்று?

பூச்செடியைத் தொட்டியில் வைத்து நாமே அழகு பார்க்கலாம். மரக்கன்றை அவ்வாறு வைத்துக்கொள்ள முடியாது. சில மாதங்களில் வேர் பையின் அடியை எட்டிச் சுருளத் தொடங்கும். உரிய காலத்தில் நிலத்துக்குப் போகாவிட்டால் மரம் என்றைக்கும் தேறாது. பெங்களூருவின் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் புங்கமும் நாவலும் வளர்ப்பவர், தொடங்கும்போதே அவற்றை யாருக்காவது கொடுத்தாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறார். கர்த்தாவாக மீண்டவர் பலனைக் கைவிடும் பயிற்சியையும் அப்போதே பெறுகிறார். மேலும், கன்றைப் பெற்றவர் நான்கு நாள் கழித்து, 'இலை பழுக்கிறதே, என்ன செய்யலாம்?' என்று கேட்டு வருவார். நெடுநாள் கழித்து ஒருவர் இவரிடம் யோசனை கேட்கிறார்.

பெங்களூருவுக்கு மேற்கே மாகடி வட்டத்தில் ஹுளிகல் என்ற சிற்றூர் உண்டு. அங்கே வாழ்ந்த திம்மக்காவைக் கன்னட நாடு 'சாலுமரத திம்மக்கா', அதாவது மரவரிசைத் திம்மக்கா என்று கொண்டாடியது. அவருடையது நோயன்று, பிள்ளையில்லாத துயரமும், அதற்கு ஊரார் சொன்ன சொல்லும். கூலி வேலை செய்த அவரும் கணவர் சிக்கய்யாவும் முதலாண்டில் பத்து ஆலங்கன்றுகளைக் குதூர் செல்லும் சாலையோரம் நட்டார்கள். குடத்தில் நீர் சுமந்து ஊற்றினார்கள். ஆடுமாடு கடிக்காமல் முள்வேலி கட்டினார்கள். காலப்போக்கில் அவை 385 மரங்களாயின. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்ற திம்மக்கா, 2025 நவம்பரில் காலமானார். அந்த ஆலமரங்களில் ஒன்றேனும் அவருடைய சொந்த நிலத்தில் இல்லை. வழிப்போக்கனுக்கு நிழல் தரவே அவர் அவற்றை வளர்த்தார்.

வீட்டில் தொடங்குவோர் எளிய விதைகளைத் தேர்வது நல்லது. புங்க விதை ஓரிரு வாரத்தில் முளைத்துவிடும். சோர்ந்த மனத்துக்கு நீண்ட காத்திருப்பு ஆகாது. வேப்பம் விதையின் முளைப்புத் திறன் இரண்டு மூன்று வாரங்களில் குன்றிவிடுவதால், பழத்தின் சதையை நீக்கி நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். நாவல் கொட்டை ஒன்றிலிருந்தே சில வேளை இரண்டு மூன்று நாற்றுகள் எழும். பிரித்து நட்டால் கொடுப்பதற்குக் கூடுதலாயிற்று.

மருந்துக்கு இது மாற்றன்று என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. புற்றுநோய்க்கான மருந்துகளாலோ உறுப்பு மாற்று சிகிச்சையாலோ எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், மண்ணிலும் மக்கிய எருவிலும் உள்ள பூஞ்சைகளால் துன்புறலாம். மருத்துவர் இசைவு தரும்வரை மண்ணைத் தொடலாகாது. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர் முடிச்சுகள் நீக்கப்பட்டவர்கள் அந்தக் கையில் உறை அணிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. மனநோய்க்கு லித்தியம் உட்கொள்பவர்கள் வெயிலில் வேர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறக்கூடும். காலை இளவெயிலே போதும்.

வீட்டாருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நோயாளி இரண்டு நாள் நீர் ஊற்ற மறந்தால், கன்று வாடுவதைப் பொறாமல் யாராவது இரகசியமாக ஊற்றிவிடுவார்கள். அப்போது நம் வீடு கனெக்டிகட் இல்லத்தின் இரண்டாம் மாடியாகிவிடுகிறது. நினைவூட்டலாம், குவளையை எடுத்துத் தரலாம். ஊற்றுவது அவராகவே இருக்கட்டும். அப்படியும் ஒன்று பட்டுப்போனால் அடுத்த பையில் இன்னொன்று இருக்கும்படி, தொடக்கத்திலேயே நாலைந்து விதைகளைக் கூடுதலாக ஊன்றிவைப்பது நல்லது.