சுற்றுப் பலகையும் சில்லும்

தோழியரே, பழுதான வானொலிப் பெட்டியையோ கைப்பேசியையோ திறந்து பார்த்தவர்கள் உள்ளே ஒரு பச்சை நிறப் பலகையைக் கண்டிருப்பீர்கள். அதில் ஓடும் மெல்லிய கோடுகள் செம்பினால் ஆனவை. கம்பிகளின் வேலையை அவையே செய்கின்றன. அச்சுச் சுற்றுப் பலகை என்பது இதன் பெயர். இதை நாமே வரைந்து நிறுவனத்திற்கு அனுப்பிச் செய்வித்துக்கொள்ளலாம். அதில் பொருத்தும் சில்லுக்குரிய கட்டளைகளையும் நாமே எழுதலாம்.

எங்கள் பாட்டிக்குக் காது மந்தம். பகலில் வீட்டில் தனியே இருப்பார். வாசல் மணி அடித்தால் கேளாது. தபால்காரர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மணிப் பொத்தானை அழுத்தினால் பாட்டியின் அறையில் ஒரு விளக்கு பத்து முறை சிமிட்ட வேண்டும். இதுவே நான் எடுத்துக்கொண்ட வேலை.

இதற்கு ஏ.டி.டைனி 85 என்ற சிறிய சில்லே போதும். எட்டுக் கால்கள், கட்டளைகளை வைத்துக்கொள்ள 8 கிலோபைட் இடம். வரிசையாகப் பல எல்.இ.டி. விளக்குகளை எரிக்கும் அளவு மின்சாரத்தை அதன் கால் தராது. ஆகவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புத் தகட்டில் சுற்றை அச்சிடும் முறையை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் பால் ஐஸ்லர். வியன்னா நகரத்தவர், 1936ல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். இன்று நாம் அனுப்பும் பலகை வரைபடக் கோப்புக்குக் கெர்பர் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய ஜோசப் கெர்பரும் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, 1940ல் அமெரிக்கா சேர்ந்தவரே.

வரைவதற்குக் கிகேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரான்சு நாட்டின் ழான் பியேர் ஷரா 1992ல் தொடங்கியது. முதலில் எந்தக் கால் எதனோடு சேர வேண்டும் என்ற சுற்றுப்படத்தை வரைகிறோம். பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய துளைகளைப் பலகையில் அடுக்கிக் கோடு இழுக்கிறோம். நமக்கு அரை மில்லிமீட்டர் அகலக் கோடு தாராளம். சில்லின் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சில்லின் அருகிலேயே வைக்க மறவாதீர்கள். செம்புக்கு ஒன்று, பச்சைப் பூச்சுக்கு ஒன்று, வெள்ளை எழுத்துக்கு ஒன்று, துளைகளுக்கு ஒன்று எனப் பல கோப்புகள் உருவாகும். எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி அனுப்ப வேண்டும். நான் அனுப்பிய இடத்தில் ஐந்துக்குக் குறைந்து செய்து தருவதில்லை.

ஐந்து பலகைகளும் அழகாகவே வந்தன. 1.6 மில்லிமீட்டர் கனம், ஓரங்கள் வழவழப்பு. சாக்கெட்டைப் பற்றவைக்குமுன் சில்லை வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 1ஆம் கால் இருக்க வேண்டிய இடத்தில் 8ஆம் கால் இருந்தது!

தவறு என்னுடையது. மென்பொருளின் பட்டியலில் இந்தச் சில்லுக்குரிய துளை அமைப்பு தயாராகவே இருக்கிறது. அதை அறியாமல், சில்லை மல்லாந்த கரப்பானைப் போலக் கால்கள் மேலே நோக்க வைத்து எண்ணி நானே வரைந்தேன். சில்லின் வெட்டுக்குறி மேலே இருக்க, கால்கள் கீழே இருக்க, இடப்புறம் மேலிருந்து 1, 2, 3, 4. பிறகு வலப்புறம் கீழிருந்து 5, 6, 7, 8. இதுவே சரியான வரிசை. மென்பொருளின் சோதனையும் பிழை இல்லை என்றே சொன்னது. பாவம், அது என் படத்தை என் படத்தோடுதானே ஒப்பிடும்! அசலான சில்லை அது கண்டதில்லை. அனுப்புமுன் படத்தை உண்மை அளவில் காகிதத்தில் அச்சிட்டு, தெர்மக்கோல் மேல் வைத்து, பாகங்களைக் குத்திப் பார்த்து, ஒவ்வொரு காலாக விரல் வைத்துக் கோட்டைத் தொடர்ந்திருந்தால் பத்தே நிமிடத்தில் அகப்பட்டிருக்கும்.

எறிந்துவிடத்தான் நினைத்தேன். கண்ணாடிப் பிம்பமாகிவிட்ட துளைகளைப் பின்புறமிருந்து பார்த்தால் சரியாகத்தானே தெரியும் என்று பிறகு தோன்றியது. சாக்கெட்டைப் பலகையின் அடிப்புறம் வைத்துப் பற்றவைத்தேன். பொருந்திவிட்டது.

இனிச் சில்லுக்கு எழுதுவது. 2005ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ பலகை ஒன்று கையில் இருந்தால் அதையே எழுதுகருவியாக்கலாம். அதற்கான நிரலை முதலில் ஊனோ பலகையில் ஏற்றிவிட்டு, அதன் 10, 11, 12, 13 ஆகிய முனைகளை முறையே சில்லின் 1, 5, 6, 7ஆம் கால்களோடு இணைக்க வேண்டும். 8ஆம் காலுக்கு 5 வோல்ட். 4ஆம் கால் தரை. ஊனோவின் ரீசெட் முனைக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வேண்டும். இதை விட்டுவிட்டு ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

கால் நொடி எரிந்து, கால் நொடி அணைய வேண்டும் என்று எழுதினேன். மணியை அழுத்தினால் விளக்கு இரண்டு நொடி எரிந்தது, இரண்டு நொடி அணைந்தது. பாட்டி என்னை அழைத்து, "ஏம்மா, கரண்டு போய்ப் போய் வருதே, மெழுகுவத்தி எடுத்து வை" என்றார்.

காரணம் இதுதான். சில்லுக்குள் நொடிக்கு 80 லட்சம் துடிப்புகள் தரும் கடிகாரம் உண்டு. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதை எட்டால் வகுத்து, 10 லட்சமாகவே அமைத்திருப்பார்கள். நானோ 80 லட்சம் என்று நம்பி எழுதிவிட்டேன். ஆகவே எல்லாம் எட்டு மடங்கு மெதுவாயிற்று. ஃபியூஸ் எனப்படும் அமைப்புகளுள் ஒன்றை மாற்றியதும் சரியாயிற்று. அங்கேயே, 1ஆம் காலின் ரீசெட் வேலையை நீக்கும் அமைப்பும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். தொட்டால் 12 வோல்ட் தரும் தனிக் கருவி இல்லாமல் சில்லு மறுபடி எழுத இடம் தராது.

மற்றபடி சில்லு பொறுமைசாலி. 1971ல் வந்த பழைய வகைச் சில்லுகளில் எழுதியதை அழிக்கப் புற ஊதாக் கதிரின் கீழ் வைத்துக் காத்திருக்க வேண்டும். இந்தச் சில்லையோ 10,000 முறை அழித்து எழுதலாம் என்கிறது அதன் விவரக் குறிப்பு. பலகைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பலகையை அனுப்புமுன் ஒரு வாரம் தாமதித்தாலும் குற்றமில்லை. நிரலை இன்றே எழுதிப் பாருங்கள்.

பாட்டியின் அறைச் சுவரில் இருப்பது அந்தத் தவறிய பலகைதான். சில்லு சுவர்ப்பக்கம் ஒளிந்திருப்பதால் அதை எடுக்க ஒவ்வொரு முறையும் இரண்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று பாட்டி சொன்னதால் ஒளியைக் குறைத்துச் சென்ற வாரம் மீண்டும் எழுதினேன். அது பதினோராவது முறை.