உளுந்தும் இடைவெளியும்

நெல்லுக்கு நண்டு ஓடவும், கரும்புக்கு நரி ஓடவும், வாழைக்கு வண்டி ஓடவும், தென்னைக்குத் தேர் ஓடவும் இடம் விட வேண்டும் என்பது உழவர் வழக்கு. பரவலாக வழங்கும் அவ்வழக்கில் பயறுக்கு இடமில்லை. பயறுக்கு இடைவெளி வகுப்பது சற்றே கடினம்; மண்ணின் வளம் மாற, அதற்கு வேண்டிய இடமும் மாறும்.

தமிழ்நாட்டில் உளுந்துக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. எனப் பரிந்துரைக்கின்றனர். இவ்வளவில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 33 செடிகள் நிற்கும். வரிசை இடைவெளியை 45 செ.மீ. ஆக்கினால் 22 செடிகளே நிற்கும். அவை நன்கு கிளைத்துக் காய்ப்பது கண்ணுக்கு நிறைவு தரலாம். ஆயினும், ஒவ்வொரு செடியும் முன்னையினும் ஒன்றரை மடங்கு காய்த்தால்தான் வயலின் மொத்த விளைச்சல் குறையாதிருக்கும். மிக நெருக்கி விதைப்பினும் தீங்கே. கீழிலைகளுக்கு ஒளி குறையும், பூக்கள் உதிரும், காற்றோட்டமின்றி நோய் பரவும்.

மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. பயற்றின் வேர்முண்டுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குரிய தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. நன்கு செயற்படும் முண்டைப் பிளந்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் செடியில் முண்டுகள் குறைந்துவிடும். தொழுவுரம் சத்தினைச் சிறிது சிறிதாக விடுவிப்பதால் இவ்விடர் குறைவு. எனினும், உரமேறிய மண்ணில் செடி தழைத்துப் படருமாதலால் அங்கு நெருக்கம் ஆகாது. செடி சிறுத்து வளரும் மெலிந்த மண்ணில், ஈரம் போதுமானதாக இருப்பின், அகன்ற இடைவெளி களைக்கே பயன்படும்.

காவிரிப் படுகையின் நெல் தரிசில் இக்கணக்கு வேறுபடுகிறது. அங்கு நெல் அறுவடைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னரே, நிற்கும் பயிரினூடே ஈரமண்ணில் உளுந்தைத் தூவுவர். உழவும் இல்லை, அடியுரமும் இல்லை, வரிசையும் இல்லை. விதைப்பவரின் கைவீச்சே இடைவெளியை வகுக்கிறது. நெல்லுக்கு இட்ட தொழுவுரத்தின் அல்லது பசுந்தாளுரத்தின் எச்சமே உளுந்துக்குக் கிடைக்கும். அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தித் தூவுவது அங்கு எளிதில் இயலும் உதவியாகும்.

கையறுவடை குறைந்தபின் புதியதோர் இடரும் சேர்ந்துள்ளது. அறுவடை இயந்திரத்தின் சக்கரத் தடத்தில் இளமுளைகள் நசுங்கி, வயலில் நீண்ட வெற்றிடங்கள் விழுகின்றன. மீண்டும் விதை தூவி அவற்றை நிரப்புவதும் அரிது. அதற்குள் மேல்மண்ணின் ஈரம் பெரும்பாலும் வற்றிவிடும்.