ஹப்பைத் தொட்டுப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வாங்கியிருக்கும் பழைய கேம்பர் டிரெய்லரின் படங்களைப் பார்த்தேன். சீரியல் பல்பு தொங்கவிட்டிருக்கிறாய், மசாலா டப்பாக்களுக்கு அலமாரி அடித்திருக்கிறாய், திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்தாயிற்று. எல்லாம் அழகுதான். ஆனால் கூடவே ஊட்னடட்டா பாதையில் போகப்போவதாக எழுதியிருக்கிறாயே! மாரீயிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண் சாலை. நடுவில் வில்லியம் கிரீக், ஊட்னடட்டா என்று இரண்டே ஊர்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 200 கிலோமீட்டர். அங்கே அலமாரி உடைந்தால் மசாலா கொட்டும், அவ்வளவுதான். சக்கரம் கழன்றால், வண்டியை இழுத்துவரும் கூலி நீ டிரெய்லருக்குக் கொடுத்த விலையை எட்டிப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

உன் அப்பாவைக் கேட்டால் "மெக்கானிக்கிடம் விட்டுவிடு" என்பான். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே கடைக்குப் போனவன் அவன். மெக்கானிக்கிடம் விடுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அடிலெய்டில் இருக்கும் மெக்கானிக், வில்லியம் கிரீக்குக்கு வந்து "இந்தச் சூடு சரியா, தப்பா" என்று சொல்லமாட்டார். நீயே வாசலில் வைத்துக் கழற்றி மாட்டினால் காசு மிச்சமாகும், அது இருக்கட்டும். உன் டிரெய்லர் நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது உன் கைக்கும் காதுக்கும் பழகிவிடும். அது பழகாதவளுக்குக் கோளாறு வருவது தெரியாது. வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் முதலில் சக்கர பேரிங். கிரீஸ் எப்போது மாற்றியது என்று விற்றவர் சொன்னதை நம்பாதே. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது இங்கே ஆஸ்திரேலியாவில் வழக்கம். சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்தி, பிறகு ஜாக்கியில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் விடாதே.

கழற்றும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார், சுழற்றிவிட்டுக் காது கொடு. கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம். கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்தால் ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், அதற்குப் பின் வெளிப் பேரிங். ஹப்பை இழுத்தால் உள் பேரிங்கும் சீலும் சேர்ந்து வரும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவி உலர்த்து. வேறு வேறு ஜாதி கிரீஸ் கலந்தால் சிலது இளகி வழிந்துவிடும். உருளைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார். நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. குழி விழுந்திருந்தால் தூக்கிப்போடு. கழுவும் முன்பே கிரீஸ் வெளுத்துப்போயிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஹப் ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓடைக் கரைக்கு வந்ததும் நிதானமாக ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு இறங்கு, ஹப் ஆறட்டும்.

புது கிரீஸ் வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுவது போல மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றவேண்டும். சீல் புதிதாகவே போடு. மாட்டும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் பேரிங் சரியாக உட்காரும். பிறகு தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் திரும்பக் கொண்டுவா. புதிதாகச் செய்பவர்கள் பயத்தில் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிவிடுவார்கள். அந்த இறுக்கமே பேரிங்கைச் சூடேற்றிக் கெடுக்கும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதே, புதியதன் விலை சில காசுதான். சக்கரத்தை மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிடு.

கடையில் "ஹோல்டன் பேரிங்கா, ஃபோர்டு பேரிங்கா?" என்று கேட்பார்கள். உன் கார் டொயோட்டா என்று சொல்லிவிடாதே. டிரெய்லர் ஹப்பில் வரும் இரண்டு அளவுகளுக்கு இந்த நாட்டில் வழங்கும் பெயர்கள் அவை. உங்கள் அடிலெய்டின் வடக்கே எலிசபெத்தில் இருந்த ஹோல்டன் தொழிற்சாலை 2017இல் மூடியாயிற்று; பேர் மட்டும் டிரெய்லர் அச்சுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசாமல் பழைய பேரிங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ, அதன் எண்ணைப் பார்த்துக் கொடுப்பார்கள்.

பாதையில் எங்கே நின்றாலும் இறங்கியதும் முதலில் ஹப்புகளைத் தொட்டுப் பார். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தொடு. இளஞ்சூடு இருக்கத்தான் செய்யும். பிரேக் போட்டுக்கொண்டே இறக்கத்தில் வந்திருந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடவே சுடும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே ஜாக்கியை எடு.

குனிந்திருக்கும்போதே டயரின் பக்கச்சுவரையும் பார்த்துவிடு. நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் வருஷத்தின் 23ஆம் வாரம் செய்தது. டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வாசலில் வெயிலில் நின்றே சாகிறது. டயரின் வரிப்பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி ஒயரிங். இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கும் கூடச் சேர்ந்து மினுக்கினால் பல்பை மாற்ற ஓடாதே. எர்த் ஒயரைச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் இடத்துக்குப் போ, பெயிண்டையும் துருவையும் பளபளவென்று சுரண்டி, திரும்ப முடுக்கு. டிரெய்லர் விளக்குத் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றுபோகிறது என்றாயே, அதற்கு மல்டிமீட்டர் ஒன்று வாங்கு. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டி, ஃபிரிட்ஜ் ஓடும்போது அதன் முனையில் 11.5தான் வருகிறது என்றால் ஃபிரிட்ஜைக் குறைசொல்லாதே. ஒயர் மெலிசு, இல்லையென்றால் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. புது ஒயர் வாங்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. இங்கே வண்டி ஒயரில் '6 எம்எம்' என்று போட்டிருப்பது பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த தடிமன். உள்ளே செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். நம் ஊர் வீட்டு ஒயரிங் கணக்கை மனதில் வைத்து வாங்கினால் ஃபிரிட்ஜ் மறுபடி நிற்கும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடு. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

கேன்வாஸைச் சோப்புப் பவுடர் போட்டுத் துவைத்துவிடாதே, தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சு போய்விடும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கிழிசலுக்கு ஒட்டுப் போடும்போது துண்டின் மூலைகளை வளைவாக வெட்டினால் சீக்கிரம் உரியாது. மழையில் மடித்துவந்தால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் விரித்துப் போடு. பூஞ்சைக் கறை ஏறினால் போகாது. யாரும் குழாயைத் திறக்காமலே ராத்திரியில் பம்பு ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், காலையில் இணைப்புகளை விரலால் தடவிப் பார்.

கேஸ் குழாயில் மட்டும் கை வைக்காதே. சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது உன் வேலை. குமிழி வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு லைசென்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டரைக் கூப்பிடு. 240 வோல்ட் பிளக், ஒயரிங் எல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. இரண்டிலும் சட்டம் அப்படி, எனக்கும் அதில் முழுச் சம்மதம். பிரேக்கை முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்.

கிளம்பும் முன் இன்னொரு ஹப் வாங்கி, பேரிங்கும் கிரீஸும் சீலும் போட்டுத் தயாராக, மண் புகாமல் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவை. கூடவே ஸ்பிளிட் பின் நாலைந்து. மசாலா அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தால் இடம் கிடைக்கும்.

அன்புடன்,
அத்தை