பீப்பாயும் கலயமும்

அன்புள்ள கயல்விழி,

உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போன இடத்தில் இங்கிலாந்தின் பீப்பாய் ஏல் பற்றிப் பாடம் நடந்ததாகவும், ‘நம்ம புதுக்கோட்டைப் பக்கம் இந்த மாதிரி எதுவுமே கிடையாதா பெரியப்பா?’ என்றும் கேட்டிருந்தாய். உண்டு. நீ பள்ளிக்கூடம் போன வழியில், கண்மாய்க் கரையில் வரிசையாக நின்றதே பனை, அதன் உச்சியில்தான் இருந்தது. அதைக் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. படிக்கச் சொல்லி எழுதுகிறேன்.

முதலில் உன் பாடத்துக்கு வருகிறேன். அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன பீர் ஆலைகள் பல வகை ஏல் பீர் வடிக்கின்றன. மூலப்பொருள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான்: முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர். முளைத்த பார்லியை இளஞ்சூட்டில் உலர்த்தினால் வெளிர்நிற ஏல். அதோடு கருக வறுத்ததைக் கொஞ்சம் சேர்த்தால் போர்ட்டர், ஸ்டவுட். ஹாப்ஸ் தூக்கலாக இருந்தால் பிட்டர், மட்டாக இருந்தால் மைல்ட். இவற்றை வடிகட்டிச் சூடேற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிடாமல், உயிரோடு பீப்பாயில் அடைத்து அனுப்புவார்கள். கடையின் நிலவறையில், 12 டிகிரி குளிர்ச்சியில், அது உள்ளேயே இன்னொரு முறை நொதிக்கும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை கலங்கலைக் கீழே இறக்கும். பீப்பாயைத் திறந்து காற்றுப் பட்டுவிட்டால் மூன்று நான்கு நாளுக்குள் விற்றாக வேண்டும். பெரிய ஆலைகள் இந்த வழக்கத்தைக் கைவிடத் தொடங்கியபோது, அதைக் காப்பாற்ற 1971-இல் கேம்ரா என்ற இயக்கத்தையே தொடங்கினார்கள்.

பனையில் வறுப்பதும் இல்லை, பூச் சேர்ப்பதும் இல்லை. ஒரே சாறுதான், அதை வகை வகையாகப் பிரிப்பது நேரமும் கலயமும். ஏறுகிறவர் இளம் பாளையை இடுக்கியால் நாள்தோறும் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் அரிவாளால் காகிதக் கனத்துக்குச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். சொட்டுகிற சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காரத்தன்மை ஏறி நுண்ணுயிர்கள் அடங்கிவிடும், அது பதநீர். தடவாவிட்டால் நேற்றைய கலயத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வண்டலே இன்றைய சாற்றுக்கு உறை. அதுதான் கள், மரத்திலிருந்து இறக்கும்போதே பொங்கத் தொடங்கியிருக்கும். காலையில் இனிப்பு மிச்சமிருக்கும் இளங்கள், மாலையில் சுருக்கென்ற புளிப்போடு 4, 5 சதவீத ஆல்கஹால், நாள் கடந்தால் காடி.

இங்கே நீ உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கள்ளில் ஈஸ்ட் மட்டும் வேலை செய்வதில்லை. சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவும் சேர்ந்து, வெகு வேகமாக, சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. பார்லியின் மால்ட்டோஸ் அதற்கு ஆகாது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றும்தான் அதன் உணவு. பனஞ்சாற்றில் இருப்பதோ பெரும்பாலும் சுக்ரோஸ். இரண்டாம் நொதிப்புக்காகப் பீப்பாயில் சர்க்கரை சேர்த்த ஏலில் இதே பாக்டீரியா புகுந்தால் அழுகல் நாற்றம் வந்து பீப்பாயே வீணாகும். அங்கே எதிரியாக நினைக்கிற உயிர் இங்கே கூலி கேட்காத வேலையாள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு பொங்கும்.

தானியத்தில் வடிப்பதும் நமக்குப் புதிதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையை எடுத்து, வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதியைப் பார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிடும் முறையை வரிசை பிசகாமல் சொல்லியிருக்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். முளைத்த தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் செய்த வேலை அது.

பிறகு சட்டம் வந்தது. ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். நம்ம புதுக்கோட்டை அப்போது அந்த ஆட்சிக்குள் சேராத தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1971-இல் மதுக்கடைகள் திறந்தன, மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1987 தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் அனுமதி. கலப்படத்தையும் குடும்பங்கள் சீரழிவதையும் சொல்லித் தடையை ஆதரிப்பவர்களின் கவலை பொய்யல்ல. சட்டம் எந்தப் பக்கம் போனாலும், பாளையைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லக்கூடிய கைகள் குறைந்துகொண்டே வருவதுதான் என்னை உறுத்துகிறது. அந்த அறிவைப் பாடமாக எழுத உன்னைப் போல் படித்தவர்கள் வராவிட்டால், பனை நிற்கும், ஏற ஆள் இருக்காது. பனை நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. பனைகள் பெரும்பாலும் அசையாமல் நின்றதைப் பார்த்தவள்தானே நீ.

பங்குனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. பதநீர் சட்டப்படி இறக்கலாம், காய்ச்சலாம். அமிலகாரத் தாள், வெப்பமானி, நோட்டு மூன்றும் போதும். விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கலயத்துச் சாற்றையும் இறக்கிய உடனே சோதித்து எழுது. சுண்ணாம்பு எவ்வளவு தடவினார் என்று மரம் ஏறுகிறவரிடமே கேட்டுக் குறி. பிறகு அடுப்படிக்குப் போ. பொங்கும் நுரையை அடக்க ஆமணக்கு முத்தை இடித்துப் போடுவார்கள், அதையும் கவனி. புளிப்பு ஏறிய சாற்றில் சுக்ரோஸ் உடைந்துபோயிருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, பாகாகவே நிற்கும். அப்படி நின்ற பாகு எந்தக் கலயத்துச் சாறு, காலையில் அதற்குத் தாள் என்ன காட்டியது என்று நோட்டைப் புரட்டிப் பார்.

அன்புடன்,
பெரியப்பா