ஏரியில் விடாதே

அன்புள்ள நிலா,

உன் கடிதம் கிடைத்தது. கொளத்தூரில் வாங்கியபோது விரல் நீளம்கூட இல்லாத டேங்க் கிளீனர் மீன் இப்போது முக்கால் அடியைத் தாண்டிவிட்டது, தொட்டிக்குள் திரும்பக்கூட இடமில்லை, ஏரியில் விட்டுவிடலாம் என்று அம்மாவும் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். “அதுக்கும் சுதந்திரமா இருக்கும்ல மாமா?” என்று கேட்டிருக்கிறாய். மீன் மேல் உனக்கிருக்கும் பிரியம் புரிகிறது. ஆனாலும் விடாதே. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உன் வகுப்பில் தொட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டு.

உன் மீனின் பூர்விகம் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோகோ ஆறுகளின் பக்கம் வாழும் கெளுத்தி வகை அது. மேலெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் கெட்டியான முள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். அதன் வயிறே நுரையீரலின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் போதும், தண்ணீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். “இது சாகவே சாகாது” என்று கடைக்காரர் சொல்லி விற்றிருப்பார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அழுக்குத் தண்ணீரைத் தாங்குவது, கிடைத்ததைத் தின்பது, பாலிதீன் பைக்குள் நெடுந்தூரம் போய்ப் பிழைப்பது என்று கெட்டியான உயிர்கள்தான் கடைவரை வந்து சேர்கின்றன. வீட்டில் வளர்க்கத் தோதான அந்தக் குணங்களே ஏரிக்குப் போனதும் வினையாகின்றன.

ஏரியில் அது என்ன செய்யும் என்று கேள். முட்டையிடுவதற்குக் கரையில் குடைந்து வளை தோண்டும். ஆண் மீன் அந்த வளைக்குள்ளேயே இருந்து முட்டைகளைக் காக்கும். நம் ஏரிக்கரைகள் மண்ணால் போட்டவை. வளை பெருகினால் கரை வலுவிழக்கும். நம் நாட்டு மீன்கள் மேயும் பாசியையும் கசடையும் இதுவும் சுரண்டித் தின்னும். அதோடு அடியில் ஒட்டிக் கிடக்கும் பிற மீன்களின் முட்டைகளும் போய்விடும். மீனவர் வலையில் மாட்டினால் முள்ளால் வலை கிழியும். விற்கலாம் என்றால் வாங்குவார் இல்லை. மெக்சிகோவில் இன்ஃபியர்னில்யோ என்றொரு பெரிய நீர்த்தேக்கம். அங்கே ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளில் கடைசியில் இந்த மீனே நிறைந்தது. போர்ட்டோ ரீக்கோவில் இதை விழுங்கப் போன கூழைக்கடாக்கள் தொண்டையில் முள் சிக்கிச் செத்திருக்கின்றன. நம் ஏரிகளுக்கும் கூழைக்கடா வருகிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் இந்த மீன் வலையில் ஏறத் தொடங்கியும் பல காலம் ஆகிவிட்டது. அமேசானிலிருந்து அது தானாக நீந்தி வரவில்லை.

‘ஒரே ஒரு மீன்தானே மாமா’ என்று உனக்குத் தோன்றும். அதற்குப் பதிலாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே எவர்கிளேட்ஸ் என்ற பரந்த சதுப்புநிலம் இருக்கிறது. பர்மிய மலைப்பாம்பு என்பது தென்கிழக்கு ஆசியாவின் பாம்பு. அதைச் செல்லமாக வளர்க்கும் ஆசை அமெரிக்காவில் பரவியது. 1996-க்கும் 2006-க்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 99,000 மலைப்பாம்புகள் அங்கே இறக்குமதியாயின. குட்டியாக வாங்கும்போது இரண்டடிதான். சில ஆண்டுகளில் பத்தடியைத் தாண்டும். தீனிக்கு முயலும் கோழியும் வேண்டும். வைத்துக்கொள்ளவும் முடியாமல், கொல்லவும் மனம் வராமல் சிலர் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். 1992 ஆகஸ்டில் வீசிய ஆண்ட்ரூ புயலில் ஒரு பாம்புப் பண்ணையும் தகர்ந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாம்புகள் கண்ணில் பட்டபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவை அங்கேயே இனம் பெருக்கி நிலைத்துவிட்டன என்று ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியது 2000-இல்.

பிறகு நடந்ததைக் கவனமாகப் படி. ஆய்வாளர்கள் இரவு நேரங்களில் சாலை வழியே வண்டியில் போய், கண்ணில் பட்ட விலங்குகளை எண்ணினார்கள். மொத்தம் ஏறக்குறைய 57,000 கிலோமீட்டர். அந்தக் கணக்கை 1996, 1997-இல் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். ரக்கூன்கள் கண்ணில் படுவது 99.3 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்போசம் 98.9 சதவீதம். பாப்கேட் என்ற காட்டுப்பூனை 87.5 சதவீதம். சதுப்பு முயல் ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. பாம்புதான் காரணமா என்று சோதிக்க, சிலர் முயல்களுக்கு ரேடியோ கருவி கட்டி அங்கே விட்டார்கள். செத்த முயல்களில் 77 சதவீதம் மலைப்பாம்பின் வாய்க்குப் போயிருந்தன. இழப்பு அத்தோடு நிற்கவில்லை. மலைப்பாம்போடு ஆசியாவிலிருந்து வந்த ஒரு நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது அந்த ஊர்ப் பாம்புகளையும் பிடித்திருக்கிறது.

பிடித்துவிட வேண்டியதுதானே என்பாய். பிடிக்கத்தான் செய்கிறார்கள். ஆண் பாம்புகளுக்குள் ரேடியோ கருவி வைத்து விடுகிறார்கள். அவை இணை தேடிப் போகும் இடத்தில் பெண் பாம்பு அகப்படுகிறது. அப்படி அகப்பட்ட ஒன்று ஏறக்குறைய 98 கிலோ எடை. வயிற்றில் 122 முட்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஆனால், பழகிய கண்ணுக்கு எதிரிலேயே புல்லில் மலைப்பாம்பு படுத்திருந்தாலும் பார்த்துவிடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்குக் கையிலிருக்கும் வழிகளால் அவற்றை முழுதாக ஒழிக்க முடியாது என்பதை அங்குள்ள ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். அந்தப் பாம்புகளின் இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை போட்டது 2012-இல்.

எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அதே பர்மிய மலைப்பாம்பு தன் சொந்தக் காடுகளில் தோலுக்கும் இறைச்சிக்கும் வேட்டையாடப்பட்டு அருகி வருகிறது. வாழ வேண்டிய இடத்தில் வாழ முடியவில்லை; போகக் கூடாத இடத்தில் பெருகிக் கிடக்கிறது. இதில் பாம்பின் குற்றம் என்ன இருக்கிறது? உன் மீன் மேலும் நான் ஒரு குற்றமும் சொல்லவில்லை.

ஆமை வளர்க்கும் உன் தோழியிடமும் ஒன்று சொல். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் அந்த ஆமை மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. 1989 முதல் 1997 வரை அமெரிக்காவிலிருந்து 5 கோடியே 20 லட்சம் ஆமைகள் ஏற்றுமதியாயின. உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு முப்பது ஆண்டு வாழும், ஓரடி வரை வளரும் என்று விற்பவர் சொல்வதில்லை. பெரிதானதும் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். 2018-இல் குவாஹாட்டியில் ஒரு கோயில் குளத்திலேயே அது தென்பட்டது.

விடாமல் வைத்திருந்தாலும் தப்பிக்கும் வழி உண்டு. 2018 வெள்ளத்தில் கேரளத்தில் மீன் குளங்கள் உடைந்தன. வெள்ளம் வடிந்த பிறகு அமேசானின் அரபைமா மீன் அந்த ஊர் ஆறுகளில் மீனவர் வலையில் வந்து விழுந்தது. மழைக்காலத்தில் ஏரி எது, தெரு எது என்று தெரியாத ஊரில் நீ இருக்கிறாய். ஆகவே மொட்டை மாடித் தொட்டி, வாசல் தொட்டி எதிலும் உன் மீனை வைக்காதே. அயல் இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்த 2022-இல் நம் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வாளியோடு ஏரிக்கரைக்குப் போகும் ஆளைச் சட்டம் தடுக்காது. உன்னைப் போல விவரம் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தால் தடுக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. முதலில் வாங்கிய கடையிலேயே கேள். வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. இல்லையென்றால் நான்கடிக்குக் குறையாத தொட்டி வைத்திருக்கும் யாரையாவது தேடுவோம்; நானும் விசாரிக்கிறேன். ஒருவரும் கிடைக்காமல் நீயும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால், வலியில்லாமல் அதன் உயிரை முடிக்கக் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். படிக்கவே கஷ்டமாக இருக்கும், தெரியும். ஏரியில் விடுவதைவிட அது நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குத் தேவை வராது.

அதுவரை வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்று, வெள்ளரித் துண்டு போடு. மாற்றிய தண்ணீரையும் ஓடையில் கொட்டாதே. அதில் நத்தைக் குஞ்சோ பாசித் துண்டோ இருக்கலாம், அவையும் வெளியூர்க்காரர்கள்தான். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்று. தொட்டியின் நீள அகலத்தையும் மீனின் நீளத்தையும் அளந்து உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா