பூட்டிய வீடும் கையில் போனும்



2020 மார்ச் 24-ம் தேதி இரவு நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அந்த 21 நாள் எப்படி நீண்டது என்று நமக்குத் தெரியும். கொஞ்சம் மூச்சு விட்டோம் என்று பார்த்தால் ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும், அதை ஒட்டிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் மறுபடியும் முழுப் பூட்டு. மின்சார ரயில் ஓடவில்லை. சபை கூடவில்லை. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறக்க அனுமதி வந்தது செப்டம்பர் 1-ல்தான். அத்தனை நாளும் வெளியுலகம் என்று நமக்கு இருந்தது கைக்குள் அடங்கும் ஒரு போன்.

அந்தப் போனை நான் பழிக்கப் போவதில்லை. ஆராதனை அதில்தான் நடந்தது. பிரசவத்துக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்ட மகளின் முகத்தைத் தாய் அதில்தான் பார்த்தாள். ஆனால் அதே போன் பல பேருடைய தூக்கத்தையும் நிம்மதியையும் தின்றுவிட்டதே, அது எப்படி?

இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொரோனாவுக்கு முன்னாலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தில் 82 வாலிபர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து, 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம், தினமும் ஐந்து தடவை மெசேஜ் அனுப்பி, "இப்போது மனசு எப்படி இருக்கிறது? இதற்கு முன் எவ்வளவு நேரம் பேஸ்புக் பார்த்தாய்?" என்று கேட்டார்கள். பார்த்த நேரம் கூடக் கூட அடுத்த தடவை கேட்கும்போது மனசு இறங்கியிருந்தது. ஆனால் நேரிலோ போனிலோ ஒரு ஆளோடு பேசியவர்களுக்கு அந்த இறக்கம் வரவில்லை. கவனியுங்கள், போன் ஒன்றுதான். அதில் ஒருவரோடு பேசுவது வேறு, ஊரையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டே விரலால் தள்ளுவது வேறு.

தனிமையில் இருக்கிறவனுக்கு இது இரட்டிப்பாகத் தாக்கும். வேலைக்குப் போகிறவன் காலையில் ஒரு கெட்ட செய்தி பார்த்தால், டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லி, "அட, அதெல்லாம் சும்மாப்பா" என்று ஒருத்தன் சொல்ல, பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும். அறையில் தனியாய் இருப்பவனுக்கு அந்த "சும்மாப்பா" சொல்ல ஆள் இல்லை. அடுத்த வீடியோதான் வரும்.

2021 மே 4-ம் தேதி இரவை நம் பகுதிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் போனது. அதே மாதம் நம் சகோதரி ஒருவருடைய கணவர் வேறொரு ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தார். சகோதரி வீட்டில் தனியாக, விடியற்காலை மூன்று மணி வரை போனைப் பார்த்தபடியே இருப்பாராம். "பாஸ்டர், கீழே வெச்சா அவருக்கு ஏதாவது ஆயிடும்போல இருந்துச்சு" என்றார். பார்த்துக்கொண்டிருப்பதையே காவல் காப்பதாக மனசு எடுத்துக்கொள்கிறது! கணவர் குணமாகி வீடு வந்து சேர்ந்தார். சகோதரிக்குத் தூக்கம் திரும்ப ஏழெட்டு மாதம் ஆனது.

எலியாவை நினைத்துப் பாருங்கள். யேசபேல் அனுப்பியது ஒரே ஒரு செய்தி. அதற்கே வனாந்தரத்துக்குத் தனியாக ஓடி, சாக வேண்டும் என்று கேட்டான். அங்கே அவனுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல, தூக்கமும் சுடச்சுட அடையும் தண்ணீரும். நமக்கு ஒரே இரவில் எத்தனை யேசபேல்கள்!

2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் மரித்தபோது, அடக்கம் செய்ய வந்தவர்களைக் கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது. புதைத்தால் வியாதி பரவும் என்ற பயம். பிறகு அவருடைய மனைவி, கணவரை அவர் விரும்பிய கல்லறையில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு ஒரு வீடியோவில் பேசினார். பார்த்தவர்கள் கலங்கினார்கள். வதந்தியை ஊருக்கெல்லாம் கொண்டுபோகும் அதே வழியாகத்தான் அந்த விதவையின் குரலும் வந்தது. அந்த ஏப்ரலிலேயே, பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. அனுப்புகிற விரல் நம்முடையது அல்லவா?

ஊரடங்கு போய்விட்டது, தனிமை போகவில்லை. மகேந்திரா சிட்டியிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் முடித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை அறைக்குத் திரும்பும் வெளியூர் வாலிபர்களைப் பாருங்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவர்களைப் பாருங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்து, 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு பகுதியினர் மூன்று வாரம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிஷத்தோடு நிறுத்தினார்கள். தனிமை உணர்வும் மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைந்தது. அடியோடு விடச் சொல்லவில்லை, அரை மணி நேரம் இருந்தது.

ஆகவே சபை குரூப்பில் இரவு ஒன்பதுக்கு மேல் எதையும் போட வேண்டாம். ஜெப விண்ணப்பம் வந்தால் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகாமல், அந்த நபருக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிஷம் போதும். இரவில் போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். தூக்கமே வராமல், சாகலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416-க்குக் கூப்பிட்டால் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.